கனடாவில் முதல் வீடு: எந்த வரிச்சலுகை உங்களுக்கு உண்டு, எது இல்லை

மோட்கேஜ் எடுத்துத் தருபவரிடம் போவதற்கு முன்னால், வீடு பார்க்கப் போவதற்கும் முன்னால், வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எடுத்து வையுங்கள். உங்கள் பெயரில், அல்லது உங்கள் கணவன்/மனைவி பெயரில், உலகத்தில் எந்த மூலையிலாவது ஒரு வீடு இருக்கிறதா, இல்லை எப்போதாவது இருந்ததா? இதற்குச் சரியான பதில் தெரியாமல்தான் பாதிப்பேர் கிடைக்க வேண்டிய காசை விடுகிறார்கள், மீதிப்பேர் கிடைக்கக் கூடாததை எடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார்கள்.

கனடாவில் "முதல் வீடு வாங்குபவர்" என்று ஒரே ஒரு வரைவிலக்கணம் கிடையாது. மத்திய அரசு ஒரு மாதிரிச் சொல்லும், ஒன்ராறியோ மாகாணம் வேறு மாதிரிச் சொல்லும், ரொறன்ரோ நகரம் ஒன்ராறியோவின் பின்னால் போகும். ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு, ஒரு அரசுக்கு நீங்கள் முதல் வீடு வாங்குபவர், இன்னொரு அரசுக்கு இல்லை. நம்மவர்கள் அதிகம் வாங்குவது ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பக்கம் என்பதால் ஒன்ராறியோவையே வைத்துப் பேசுகிறேன். மற்ற மாகாணத்தில் இருப்பவர்கள் மத்திய அரசு பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் வரிச்சலுகை

வரிப் படிவத்தில் 31270 என்று ஒரு வரி இருக்கிறது. வீடு வாங்கியவர்களுக்கான 10,000 டொலர் தொகை என்று அதைச் சொல்வார்கள். இந்த 10,000 என்ற எண்ணைக் கேட்டதும் அரசாங்கம் 10,000 டொலருக்குக் காசோலை அனுப்பப் போகிறது என்று நினைத்துக்கொண்டு தளபாடம் வாங்கத் திட்டம் போடுபவர்கள் உண்டு. அப்படி இல்லை. அந்தத் தொகையை மிகக் குறைந்த வரி வீதத்தால் பெருக்கி, வருகிற அளவை உங்கள் வரியில் கழிப்பார்கள். 2022 முதல் 2024 வரை அந்த வீதம் 15%, ஆகவே 1,500 டொலர். 2025 இல் வீதம் 14.5% ஆனது, 1,450 டொலர். 2026 இல் 14%, 1,400 டொலர். 2022 க்கு முன்னால் தொகையே 5,000 தான், அப்போது கிடைத்தது 750. பழைய ஆட்கள் இன்னும் 750 என்று சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, இது வரியைக் குறைக்கும் சலுகை மட்டுமே. கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லாதவருக்கு இதில் ஒரு சதமும் வராது. கணவன் மனைவி இருவரில் யார் அதிகம் வரி கட்டுகிறாரோ அவர் பெயரில் போடுங்கள், அல்லது பிரித்துப் போடுங்கள், மொத்தம் 10,000 ஐத் தாண்டாமல் இருந்தால் சரி. நண்பர்கள், சகோதரர்கள் சேர்ந்து வாங்கினாலும் இதே கணக்குத்தான், வீட்டுக்கு ஒரு 10,000. ஆளுக்கு ஒன்று கிடையாது. வருமான உச்சவரம்பு, வீட்டு விலை உச்சவரம்பு எதுவும் இல்லை.

இப்போது தகுதி. வீடு வாங்கும் ஆண்டிலோ அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலோ, உங்களுக்குச் சொந்தமான வேறொரு வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது. உங்கள் துணைக்குச் சொந்தமான வீட்டில், அவரோடு வாழ்ந்த காலத்தில், நீங்கள் குடியிருந்திருந்தாலும் அதே தடைதான். சட்டப்படி மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் இதில் துணை என்றே கணக்கு. கவனியுங்கள், கேள்வி இரண்டு பாகம்: சொந்தமாக இருந்ததா, அதில் வசித்தீர்களா. இரண்டுக்கும் ஆம் என்றால்தான் தடை. 2026 இல் வாங்கினால் 2022 சனவரி 1 முதல் பார்ப்பார்கள். 2019 இல் வீட்டை விற்றுவிட்டு அன்றிலிருந்து வாடகைக்கு இருப்பவர், அவர் ஏற்கெனவே இரண்டு வீடு வாங்கி விற்றவராக இருந்தாலும், மத்திய அரசின் கண்ணில் மறுபடியும் முதல் வீடு வாங்குபவர். மணமுறிவுக்குப் பிறகு வாடகை வீட்டில் காலம் தள்ளுகிற பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஊரில் உள்ள வீடும் இதில் வரும். கொழும்பில் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருந்துவிட்டு 2024 இல் இங்கே வந்தவர் 2026 இல் வாங்கினால் இந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் நான்கு ஆண்டுக்குள் சொந்த வீட்டில் வசித்திருக்கிறார். அதே ஆள் 2021 இல் வந்து, அந்த வீட்டை இன்றுவரை வாடகைக்கு விட்டு வைத்திருந்தால், 2026 இல் வாங்கும்போது மத்திய அரசுச் சலுகைக்குத் தடையில்லை. வீடு இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்துக்குள் அவர் அதில் வசிக்கவில்லை.

வாங்கும் வீடு கனடாவில் இருக்க வேண்டும், உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ பதிவாக வேண்டும், வாங்கி ஒரு ஆண்டுக்குள் அதில் குடியிருக்கும் எண்ணம் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கினால் கிடையாது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மேலே நீங்கள் இருப்பது பிரச்சினை இல்லை.

எந்த ஆண்டின் வரியில் போடுவது என்பதிலும் குழப்பம் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆண்டு இல்லை, வீடு உங்கள் கைக்கு மாறி உறுதி (சொத்துப் பத்திரம்) பதிவான ஆண்டு. கட்டும் முன்பே பதிந்து வைக்கும் கொண்டோக்களில் சாவி ஒரு ஆண்டு கிடைக்கும், பெயர் பதிவாவது அடுத்த ஆண்டாகவும் இருக்கும். பதிவான ஆண்டைப் பாருங்கள். போட மறந்து சில ஆண்டு போய்விட்டதா? பழைய வரி அறிக்கையைத் திருத்தச் சொல்லிப் பத்து ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம், சிஆர்ஏ (மத்திய அரசின் வரித் திணைக்களம்) இணையக் கணக்கிலேயே அதற்கு வழி இருக்கிறது.

மாற்றுத்திறன் வரிச்சலுகைக்குத் தகுதி உள்ளவர் வாங்கினால், அல்லது அப்படி ஒரு உறவினர் குடியிருக்க, அவருக்கு நடமாட வசதியான வீடாகப் பார்த்து நீங்கள் வாங்கினால், முதல் வீடு என்ற நிபந்தனையே இல்லை. அம்மாவுக்காகப் படி இல்லாத வீட்டுக்கு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்ராறியோ: சீதன வீடு வந்து நிற்கும் இடம்

வீடு வாங்கும்போது காணி மாற்று வரி என்று ஒன்று கட்ட வேண்டும். ஸ்காபரோவில் 800,000 டொலருக்கு வாங்கினால் மாகாணத்துக்கு 12,475, நகரத்துக்கு இன்னொரு 12,475, மொத்தம் 24,950. ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் இருப்பதால் இரட்டை வரி. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்தில் அதே விலைக்கு வாங்கினால் மாகாண வரி மட்டும்தான். முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 டொலர் வரை திருப்பித் தரும், ரொறன்ரோ நகரம் 4,475 வரை. இரண்டும் சேர்ந்தால் 8,475. மத்திய அரசின் 1,400 ஐவிட இதுதான் பெரிய காசு, நிபந்தனையும் இதில்தான் கடுமை.

இங்கே நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்ற பேச்சே இல்லை. உலகத்தில் எங்கேயும், எப்போதும், ஒரு வீடோ வீட்டில் ஒரு பங்கோ உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. வசித்தீர்களா என்று கேட்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதா, அன்பளிப்பாக வந்ததா, அப்பா இறந்து உரிமையாக வந்ததா என்பதும் முக்கியமில்லை.

யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுப்பது வழக்கம். எழுதியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், மகள் இருபது வயதில் இங்கே வந்துவிட்டாள், அந்த உறுதி அலுமாரிக்குள் கிடக்கிறது, அது தன் பெயரில் இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒன்ராறியோ படிவத்தின்படி அவள் வீட்டு உரிமையாளர். அவளுக்கு இந்தத் திருப்பிக்கொடுப்பு இல்லை. அது மட்டுமில்லை, மணமான பிறகும் அந்த வீடு அவள் பெயரில் இருந்திருந்தால் கணவனுக்கும் இல்லை, அவன் பெயரில் மட்டும் புது வீட்டை வாங்கினாலும் இல்லை. ஆறு சகோதரர்களுக்குப் பொதுவாகக் கிடக்கும் தாய்வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் இதே கதை. வெறும் காணி, வயல், தோட்டம் இதில் வராது, வீடு வேண்டும்.

"தங்கச்சி பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு வாங்கு" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். இப்போது மாற்றி எழுதி என்ன பயன், கேள்வி "எப்போதாவது இருந்ததா" என்றுதானே. ஊர் உறுதி இங்கே யாருக்குத் தெரியப் போகிறது என்பது அடுத்த ஆலோசனை. நீங்கள் கையெழுத்திடுவது ஒரு சத்தியக் கூற்று, பொய் சொன்னால் குற்றம், மாகாண நிதி அமைச்சு பிறகு ஆராய்ந்து வரியை வட்டியோடு கேட்கலாம். 4,000 டொலருக்காக அந்தத் தலையிடி தேவையா என்று நீங்களே யோசியுங்கள். லோயரிடம் (வீட்டைப் பதியும் வழக்கறிஞரிடம்) உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது மலிவு.

மற்ற நிபந்தனைகள் சுலபம்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும், பதிவான நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அந்த வீட்டில் குடியேற வேண்டும். வேலை அனுமதியில் இருந்துகொண்டு வாங்கியவர் 18 மாதத்துக்குள் நிரந்தர வதிவுரிமை பெற்றுவிட்டால் அப்போது கேட்கலாம். வழக்கமாக லோயரே பதிவின்போது இதைக் கழித்துவிடுவார். அவர் விட்டுவிட்டால் விண்ணப்பிக்க உங்களுக்கு 18 மாதம் இருக்கிறது.

அம்மா அப்பாவை உறுதியில் சேர்க்கிற விஷயம். பிள்ளையின் வருமானம் போதாது என்று வங்கி பெற்றோரையும் சேர்க்கச் சொல்லும், வீடு வைத்திருக்கும் அப்பாவைப் பாதிப் பங்குக்கு உறுதியில் போடுவார்கள். திருப்பிக்கொடுப்பு உங்கள் பங்கின் விகிதத்தில்தான் வரும், அப்பாவுக்கு 50% என்றால் உங்களுக்கு 2,000. கடனுக்கு உத்தரவாதமாக மட்டும் அப்பா கையெழுத்திட்டால் போதுமா, உறுதியில் இருந்தே ஆக வேண்டுமா, இருக்க வேண்டுமென்றால் 1% போதுமா என்று வங்கியிடம் நேரே கேளுங்கள். பலர் கேட்பதில்லை, வங்கியும் தானாகச் சொல்வதில்லை.

சேமிப்புக் கணக்குகள்

வரிச்சலுகையைப் பற்றிப் பேசும்போது முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கான எஃப்எச்எஸ்ஏயை விட முடியாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் கொழுத்தது. 2023 ஏப்ரலில் வந்தது. ஆண்டுக்கு 8,000 டொலர், வாழ்நாளில் 40,000. போடும் காசு வருமானத்தில் கழிபடும், வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை, திருப்பிக் கட்டவும் தேவையில்லை. ஆனால் கணக்குத் திறந்த பிறகுதான் உங்கள் இடம், அதாவது நீங்கள் போடக்கூடிய அளவு, சேரத் தொடங்கும், அதனால் கையில் காசு இல்லாவிட்டாலும் இன்றைக்கே திறந்து வையுங்கள். பாவிக்காத இடத்தில் அதிகபட்சம் 8,000 தான் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) போல மார்ச் வரை காத்திருந்து போட முடியாது, டிசம்பர் 31 கடைசி.

திறக்கும்போது உங்கள் சொந்த வீட்டிலோ துணையின் வீட்டிலோ வசித்தீர்களா என்று இரண்டையுமே பார்ப்பார்கள், அந்த ஆண்டையும் முந்தைய நான்கு ஆண்டையும் சேர்த்து. எடுக்கும்போது உங்கள் சொந்த வீட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆகவே வீடு வைத்திருக்கும் ஒருவரைக் கட்டப் போகிறீர்கள் என்றால், அந்த வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னாலேயே கணக்கைத் திறந்துவிடுங்கள். மண்டபம் பதியும் அலுவலோடு சேர்த்து இதையும் பட்டியலில் போடுங்கள்.

ஆர்ஆர்எஸ்பியிலிருந்து எடுக்கும் திட்டமும் இருக்கிறது, 2024 ஏப்ரல் 16 க்குப் பிறகு எல்லை 60,000 டொலர், முன்பு 35,000. எடுப்பதற்கு முன் அந்தக் காசு 90 நாள் கணக்கில் கிடந்திருக்க வேண்டும், 15 ஆண்டில் திருப்பிப் போட வேண்டும். எஃப்எச்எஸ்ஏயையும் இதையும் ஒரே வீட்டுக்குச் சேர்த்துப் பாவிக்கலாம்.

அரசு உங்களோடு வீட்டில் பங்கு போட்டுக் காசு தரும் திட்டம் என்று ஒரு செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

கடைசியாகக் கடதாசிகள். மத்திய அரசுச் சலுகைக்கு வரி அறிக்கையோடு எதுவும் அனுப்பத் தேவையில்லை, ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். வாங்கிய ஒப்பந்தம், லோயர் தரும் குளோசிங் கணக்கு (வீடு கைமாறும்போது கொடுத்து வாங்கியதன் கணக்கு), பதிவான உறுதியின் பிரதி, இவை மூன்றையும் வைத்திருங்கள். அதோடு முந்தைய நான்கு ஆண்டும் வாடகைக்கு இருந்ததற்கான ஒப்பந்தமோ ரசீதோ. பெற்றோர் வீட்டில் இருந்தவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் இருக்காது, வரி அறிக்கையில் உள்ள முகவரிதான் சாட்சி, அதை ஒவ்வொரு ஆண்டும் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.