கேரவனில் நெல்லைப் பக்கம்: நேர்வழியா, சுற்றுவழியா என்பதில் செய்யக்கூடாத தவறுகள்

மதுரையைத் தாண்டியதும் வண்டிக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். நான்கு வழிச்சாலையிலேயே கோவில்பட்டி, திருநெல்வேலி என்று இறங்கிவிடுவதா, திருமங்கலத்தில் பிரிந்து ராஜபாளையம், தென்காசி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே போவதா? காரில் போகிறவர் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய கேரவனுக்கு அப்படியில்லை.

எல்லாரும் செய்கிற தவறு, பயணம் முழுவதையும் ஒரே வகையாக முடிவு செய்வதுதான். சென்னையிலிருந்து நெல்லை 600 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரத்தையும் கடற்கரையோரமாகவே ஓட்டி வருகிறவர் தூத்துக்குடியிலேயே சோர்ந்துவிடுவார். நிதானமாகப் பார்க்க வேண்டிய மணப்பாட்டையும் உவரியையும் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிடுவார். நெல்லைச் சீமையின் நல்ல பாதைகள் 44-ஆம் எண் நெடுஞ்சாலையான அந்த நான்கு வழிச்சாலையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் இருக்கின்றன. அதனால் நெல்லை வரைக்கும் நேர்வழியில் வந்து, இரவு தூங்கி, மறுநாள் காலையில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று ஆற்றையும் வயலையும் ஒட்டிப் போவது என் கணக்கில் சரி.

காலையில் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து நாம் பார்ப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகம். காலை வெயில் நேராக அதன்மேல் விழும், பாறையும் மடிப்பும் தெளிவாகத் தெரியும். மாலையில் தென்காசியை நோக்கி ஓட்டினால் சூரியன் கண்ணாடியில் அடிக்கும். மலை வெறும் நிழலாகத்தான் நிற்கும். அழகான பாதையைத் தேடிப் பிடித்துவிட்டு நேரத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், நேர்வழியில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. நாங்குநேரியிலிருந்து பணகுடி வரை தெற்கே போகும்போது வலப்பக்கம் மலை கூடவே வரும், முன்னால் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். ஆனால் அந்தக் காற்றாலைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்று கேரவன் ஓட்டுகிறவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் மேல்காற்றுதான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வள்ளியூர், காவல்கிணறு, முப்பந்தல் வட்டாரத்தில் அதன் வேகத்தைக் காரில் உட்கார்ந்து உணர முடியாது. உயரமான, தட்டையான பக்கங்கள் கொண்ட வண்டியில் உடனே கைக்குத் தெரிந்துவிடும். கன்னியாகுமரியை நோக்கிப் போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். நீங்கள் அதற்கேற்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் லேசாகப் பிடித்திருப்பீர்கள். அந்த நேரம் ஒரு லாரி உங்களை முந்தினால் அது காற்றை மறைத்துவிடும். வண்டி சட்டென்று லாரி பக்கம் சாயும். லாரி போனதும் காற்று மறுபடி அறையும். 60-க்குக் கீழே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். கூரைமேல் கட்டிய சைக்கிளையும் ஏணியையும் நெல்லையிலேயே இறக்கி உள்ளே வைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கயிறு தளர்ந்த தார்ப்பாய் நிச்சயம் பறக்கும்.

போனில் வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்புவதும் தவறு. அது காருக்கான கணக்கு. களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடி என்று மலையடிவாரச் சாலையில் போனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. கார் ஏறி இறங்கிவிடும். நீங்கள் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட நின்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிடும். காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

வண்டியின் உயரத்தை ஏசி, சோலார் தகடு உட்பட அளந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். கிராமத்து நுழைவு வளைவு, புளிய மரக்கிளை, ரயில்வே சுரங்கப்பாதை எல்லாம் எப்போதும் இருப்பவை, விசாரித்துக்கொள்ளலாம். ஊர்க் கோயில் கொடை விழாதான் திடீரென்று வரும். சித்திரையிலும் ஆடியிலும் சுடலைக்கோ அம்மனுக்கோ கொடை என்றால் தெருவையே மறித்துப் பந்தல் போட்டிருப்பார்கள், சீரியல் விளக்கு வயர் தாழத் தொங்கும். திரும்ப இடமிருக்காது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் இருக்கும் கிளைச் சாலை எதிலும் கேரவனை விடாதீர்கள்; ஊரே குலதெய்வத்தைத் தேடி வந்திருக்கும்.

இங்கே மழை இரண்டு பருவம். ஜூன், ஜூலையில் தென்காசிப் பக்கம் சாரல். குற்றாலம் அப்போதுதான் நன்றாக இருக்கும், ஆனால் சனி, ஞாயிறு போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாலைகள் துண்டிக்கப்பட்டன, ஒரு ரயிலே நடுவழியில் நின்றுவிட்டது. கனமழை எச்சரிக்கை வந்த நாளில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர் போகும் ஆற்றோரப் பாதை வேண்டாம்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை இறக்கம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் புளியரை வளைவில் தொடங்கி கேரளம் போகும் லாரிகளோடு பாதையைப் பங்குபோட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிக் கைவிட்டுவிடும். மாஞ்சோலைக்குக் கேரவனை யோசிக்கவே வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் குறுகலான மலைச்சாலை அது, வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இரவு எங்கே நிறுத்துவது என்று பார்க்காமல் பாதையை முடிவு செய்வது இன்னொரு தவறு. நான்கு வழிச்சாலையில் கழிப்பறையோடு பெரிய பெட்ரோல் பங்குகள் கிடைக்கும், கேட்டால் ஓரமாக நிறுத்த விடுவார்கள். அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் அந்த வசதி குறைவு. அதனால் பகலிலேயே லாட்ஜிலோ கல்யாண மண்டபத்திலோ பேசி வளாகத்துக்குள் இடம் வாங்கிக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் மட்டும் இரவில் நிறுத்தாதீர்கள். மேலே மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ இருட்டில் தண்ணீர் ஏறுவது தெரியாது, ஆற்று மணலில் பின்சக்கரம் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.