பழைய டிவி கேம் கன்ட்ரோலரைத் திறந்து சரிசெய்வது எப்படி

பரணில் கிடந்த டிவி கேமை இறக்கித் துடைத்து, கேசட்டைச் செருகி, படமும் வந்துவிட்டது. ஆனால் மரியோ குதிக்க மாட்டேன் என்கிறார். உடனே புது கன்ட்ரோலர் தேடிப் போகாதீர்கள். கோளாறு பெரும்பாலும் ரப்பரிலோ கேபிளிலோதான் இருக்கும், இரண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். வெளி ஓடு எந்த வடிவத்தில் இருந்தாலும் கன்ட்ரோலர் பேசும் முறை ஒன்றுதான். எட்டு பட்டன், ஆனால் வேலை நடப்பது ஐந்தே கம்பியில்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் சிக்னல் வந்ததும் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) எட்டு பட்டன்களும் அந்தக் கணத்தில் எப்படி இருக்கின்றன என்று பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் கிளாக் துடிக்கத் துடிக்க ஒவ்வொன்றாக டேட்டா கம்பியில் அனுப்பும். வரிசை எப்போதும் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது.

இது தெரிந்தால் திருகைத் தொடும் முன்பே பாதி பிடிபட்டுவிடும். ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் ரப்பர் பக்கம் பாருங்கள். எதுவுமே அசையாவிட்டால் கேபிள். ஏ-யை அழுத்தினால் குதிப்பதோடு கேம் பாஸும் ஆகி, ஆளும் கண்டபடி நகர்ந்தால், கிளாக் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த பட்டனுக்குப் போ என்று சொல்ல ஆளில்லாமல் ஐசி எட்டு முறையும் ஏ-யின் நிலையையே ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

சரி, கன்சோலை அணைத்து, கன்ட்ரோலரைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி ஒரு துணியின் மேல் வைத்துத் திறங்கள். நான் முதல் தடவை நிமிர்த்திப் பிடித்துத் திறந்து, பட்டன்கள் கட்டிலுக்கு அடியில் ஓடியதில் அரை மணி நேரம் போனது. பின்பக்க மூடியை எடுத்ததும், எதையும் தொடாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டைத் தூக்கினால் அடியில் ரப்பர் பேட். ஒவ்வொரு பட்டனுக்கும் நேராக அதில் ஒரு கறுப்புக் கார்பன் வட்டம் இருக்கும். அது போர்டில் பல்லோடு பல் கோத்தது போன்ற இரண்டு கோடுகளின் மேல் அமர்ந்தால்தான் இணைப்பு. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு கார்பன் பூச்சும் வந்துவிடும். தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

கழுவியும் வரவில்லையா, அந்தக் கறுப்பு வட்டத்தை வெள்ளைத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேலே படிந்த பளபளப்பு போய், தாளில் கறுப்புக் கோடு விழும். பல சமயம் இதுவே போதும். முழுக்கத் தேய்ந்திருந்தால் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி, மிக மெல்லிய பசையால் ஒட்டலாம், பசை மேல்பக்கம் வழியக் கூடாது. பி-தான் முதலில் போகும். ஓடுவதற்கு அதை விடாமல் அமுக்கியே பிடித்தோமே!

கேபிள் கோளாறு என்றால் கன்ட்ரோலருக்குள் அது நுழையும் வளைவில்தான் முதலில் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, போர்டு முனைக்கும் பிளக் முனைக்கும் இடையே ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து, பீப் வராத கம்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பழைய இடத்திலேயே சால்டர் செய்யலாம். கம்பி நிறத்தை நம்பாதீர்கள், நகல்களில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதே காரணத்தால் 9 பின் பிளக் பொருந்துகிறதே என்று செகா மெகா டிரைவ் கன்ட்ரோலரை இதில் மாட்டாதீர்கள். துளை ஒன்றாக இருந்தாலும் கம்பி வரிசை வேறு.

போர்டின் நடுவே கறுப்புத் தார்ப் பொட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள்தான் ஐசி. அது போனால் சுரண்டிப் பயனில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால், அசல் கன்ட்ரோலரில் உள்ள 4021 ஐசியை ரெசிஸ்டர்களோடு கட்டி உள்ளே வைக்கலாம், அழுத்திப் பிடித்தால் தானாகவே படபடவென்று அடிக்கும் டர்போ பட்டன்கள் மட்டும் போய்விடும்.

சிலுவை பட்டனைக் கழற்றியிருந்தால் நடுவில் உள்ள முளையைப் பாருங்கள். நின்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் 1982-இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேமுக்காக இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் எழும்பும், அதனால் இடதும் வலதும் சேர்ந்து விழாது. மலிவு நகல்களில் அந்த முளை தேய்ந்துவிட்டால் சிலுவை மொத்தமாகவே அமுங்கும், ரப்பரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராது. வேறு ஒரு கன்ட்ரோலரின் சிலுவை கிடைத்தால் மாற்றுங்கள்.

பின்னால் வந்த கன்ட்ரோலர்களின் கோளாறு வேறு வகை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் ஸ்டிக்கில் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசி வெள்ளைத்தூள் கொட்டும், சோனி டூயல்ஷாக் வகையில் ஸ்டிக்கின் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து ஆள் தானாக நடப்பார். அதற்கெல்லாம் இந்த வைத்தியம் உதவாது.

மூடும்போது திருகை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய புரியில் விழும்போது 'டக்' என்று கைக்குத் தெரியும், பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புதுப் புரி வெட்டி, இரண்டு மூன்று முறையில் திருகு பிடிக்காமல் போகும். மூடிய பின் ஏதாவது பட்டன் சிக்கினால் அந்த மூலைத் திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.