முதலில் நிலவறை, பிறகுதான் உலகம்: கிரேஹாக் வளர்ந்த வழியில் உங்கள் முதல் ஆட்டக் களத்தை அமைப்பது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, ஒருவர் கதைசொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கற்பனை ஆட்டம். அது போன்ற ஆட்டத்தை முதன்முறையாக நடத்த முன்வருகிறவர்கள் பலர், பகடையைத் தொடுவதற்கு முன்பே ஆயிரம் ஆண்டு வரலாறு, பன்னிரண்டு கடவுளர், மூன்று கண்டங்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பிவிடுவார்கள். ஆட வருகிற நண்பர்களோ முதல் நாள் முழுவதும் சத்திரத்து வாசலைத் தாண்டமாட்டார்கள்.

இவ்வளவு உழைப்பு தேவையில்லை. ‘வேறு உலகம் எதையும் நீங்கள் சொல்லாவிட்டால் இதுதான்’ என்று விதிநூல்களே எடுத்துக்கொள்ளும் இயல்புக் களங்கள் சில உண்டு. அவற்றில் பெயர்பெற்றது கிரேஹாக். அது உலகமாகப் பிறக்கவில்லை. ஆடியவர்கள் கேட்கக் கேட்க, நடத்தியவர் சொன்ன பதில்கள் சேர்ந்துதான் அது உலகமானது. அந்த வரிசையிலேயே நாமும் போகலாம். கிராஃப் தாள், பென்சில், பகடைகள், மூன்று நான்கு நண்பர்கள் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு தளம் வரையுங்கள்

1972-இன் இறுதியில் டேவ் ஆர்னசன் மின்னசோட்டாவிலிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவுக்கு வந்து, தாம் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தை கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். பின்னாளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய இந்த இருவரும் படைகளை நகர்த்தும் போர் ஆட்டங்களில் ஊறியவர்கள். பிளாக்மூரில் படை இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் ஆள். அந்த ஆளோடு கோட்டைக்கு அடியிலிருந்த நிலவறைக்குள் இறங்கவேண்டும்.

கைகாக்ஸ் உடனே தமக்கென கிரேஹாக் என்ற ஒரு கோட்டையைக் கற்பனை செய்து, அதன் அடியில் நிலவறையின் முதல் தளத்தை வரைந்தார். முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும். அவர்கள் கொன்ற முதல் எதிரி பெரும்பூரான்களா தேள்களா என்பதை கைகாக்ஸே பின்னாளில் உறுதியாகச் சொல்லவில்லை. கிடைத்த முதல் புதையல் மட்டும் நன்றாக நினைவில் இருந்தது: 3,000 செப்புக் காசுகள் கொண்ட ஒரு பெட்டி. தூக்க முடியாத கனம்! பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். அவர்கள் தூங்கப்போன பிறகு அவர் இரண்டாம் தளத்தை வரையத் தொடங்கினார்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியவை: எட்டுப் பத்து அறைகள், இரண்டு மூன்று எதிரிகள், கையில் கிடைத்தும் தொல்லை தருகிற ஒரு புதையல். அந்தச் செப்புக்காசுப் பெட்டி எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இதை எப்படி வெளியே கொண்டுபோவது?’ என்று ஆடுபவர்கள் தலையைச் சொறியத் தொடங்கினால் அடுத்த அரைமணி நேரத்துக்கு நீங்கள் எதையும் தயார்செய்ய வேண்டாம். இரண்டாம் தளத்தை முதல் ஆட்டம் முடிந்த பிறகே வரையுங்கள். உங்கள் நண்பர்கள் சண்டைக்காரர்களா, பேச்சுக்காரர்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

படி 2: ஊருக்கு ஒரு பக்கம்

புதையலை விற்கவும் காயம் ஆற்றவும் இடம் வேண்டும். முதல் ஆட்டம் நடந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் கிரேஹாக் நகரமே வந்தது. உங்களுக்கும் ஒரு பக்கம் போதும்: ஒரு சத்திரம், ஒரு கொல்லர், ஒரு வைத்தியர், கடன் கொடுக்கிற ஒருவர். ஊர்த்தலைவரின் பரம்பரையை எழுத உட்காராதீர்கள்.

படி 3: வரைபடத்தை இரவல் வாங்குங்கள்

நிலவறையை விட்டு வெளியே அலைய ஆசைப்படும் நாள் வரும். கைகாக்ஸ் அதற்காக வட அமெரிக்க வரைபடத்தின் மேலேயே தம் ஊர்களை எழுதிக்கொண்டார். கிரேஹாக் ஏறக்குறைய சிகாகோ இருக்கும் இடத்தில். டைவர்ஸ் என்ற நகரம் மில்வாக்கி பக்கத்தில். 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் விதிப்பெட்டியிலும் உலக வரைபடம் கிடையாது. காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ ஆட்டத்தின் பலகையைப் பயன்படுத்துங்கள் என்று அது சொன்னது. ஆகவே கூச்சமில்லாமல் ஒரு அட்லஸைத் திறந்து, தெரியாத ஒரு கடற்கரையைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பிப் படியெடுங்கள்.

படி 4: கேட்டால் மட்டும் கடவுள்

கிரேஹாக்கில் முதலில் தெய்வங்களுக்குப் பெயரே இல்லை. பூசாரியாக ஆடியவர்கள் ‘நாங்கள் யாரைக் கும்பிடுகிறோம்?’ என்று கேட்டபோது கைகாக்ஸ் பாதி விளையாட்டாக இருவரைப் படைத்தார். நம்பாதவர்களைத் தடியால் அடித்தே வழிக்குக் கொண்டுவரும் செயின்ட் கத்பர்ட் ஒருவர். வேறு கடவுளே இல்லையென்று சாதிக்கும் பக்தர்களைக் கொண்ட ஃபோல்டஸ் இன்னொருவர். அந்தத் தடிக்காரச் சாமி 2000-ஆம் ஆண்டு விதிநூலின் இயல்புத் தெய்வப் பட்டியலில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.

பெயர்களும் இப்படித்தான். டென்சர் என்ற மந்திரவாதி, எர்னெஸ்ட் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியதால் வந்தவர். டிராமிஜ் என்பது ஜிம் வார்டு என்ற நண்பரின் பெயரைப் பின்னாலிருந்து எழுதியது. இவர்கள் பெயரிலான மந்திரங்கள் விதிநூலில் ஏறியதால், கிரேஹாக்கை அறியாதவர்களின் ஆட்டத்திலும் அதன் துணுக்குகள் நுழைந்துவிட்டன. எனவே உங்கள் நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்லும் பெயர்களை ஒதுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஓரங்களை வெறுமையாக விடுங்கள்

1975-இல் கிரேஹாக் என்ற பெயரிலேயே ஒரு துணைநூல் வந்தது. உலகத்தைத் தேடி அதை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கூடுதல் விதிகள்தான். உலகம் தனிநூலாக அச்சேறியது 1980-இல். அப்போது கைகாக்ஸ் பழைய வரைபடத்தை விட்டுவிட்டுப் புதிதாக வரைந்தார். அச்சகம் கையாளக்கூடிய மிகப்பெரிய தாள் 34-க்கு 22 அங்குலம். அப்படி இரண்டு தாள்களில், அவர் விரும்பிய அளவுகோலில், ஒரு கண்டத்தின் வடகிழக்கு மூலை மட்டுமே அடங்கியது. மீதி அந்த நூலில் வரவில்லை. யாருடைய ஆட்டமும் அதனால் கெடவில்லை. நீங்களும் ஒரு தாளோடு நிறுத்துங்கள்.

எல்லா உலகங்களும் இப்படி வளர்ந்தவை அல்ல. கனடாவின் எட் கிரீன்வுட் 1967 வாக்கில், சிறுவனாக இருந்தபோதே, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகைத் தம் கதைகளுக்காகப் படைக்கத் தொடங்கினார். ஆட்டமே அப்போது பிறக்கவில்லை. அது ஆட்டக் களமாகப் பெட்டியில் வெளிவந்தது 1987-இல். இருபது ஆண்டு பொறுமை உங்களுக்கு இருந்தால் அந்த வழியிலும் போகலாம்.

நேரமே இல்லையா?

அப்படியானால் ஆயத்தக் களம் ஒன்றை எடுங்கள். 2014-இல் வந்த தொடக்கப் பெட்டி ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் உள்ள ஃபாண்டலின் என்ற சிற்றூரைத் தருகிறது. 2024-இல் வந்த டஞ்சன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேடு மறுபடியும் கிரேஹாக்கையே மாதிரிக் களமாக வைத்திருக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது 2008-ஆம் ஆண்டுக் கையேட்டிலிருக்கும் ஃபால்க்ரெஸ்ட் என்ற ஊர். சுற்றிலும் நெந்திர் வேல் என்ற பள்ளத்தாக்கு, இருளுக்கு நடுவே ஆங்காங்கே சிறு குடியிருப்புகள், இடையில் வேண்டுமென்றே விடப்பட்ட காலி இடங்கள். ஊர்ப் பெயரை மாற்றி, உங்கள் கிராஃப் தாள் நிலவறையை அதன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆட வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.