பெரிய செலவில்லாமல் வீட்டில் ஒரு கசினோ இரவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டு முன்னறையில் 16 பேரை வைத்துக் கசினோ இரவு நடத்த ரூலட் சக்கரம் வாங்க வேண்டாம், வாடகை மேசையும் வேண்டாம். காசு போக வேண்டியது இரண்டுக்கு மட்டும்: பச்சைத் துணி, புதுச் சீட்டுக்கட்டு மூன்று. இப்படிப்பட்ட விருந்துகள் அலங்காரம் போதாமல் படுப்பதில்லை. ஒன்பது மணிக்கே பாதிப் பேரின் சில்லு (காசுக்குப் பதில் பந்தயம் கட்டும் துண்டு) தீர்ந்துபோய், அவர்கள் சமையலறைக்கு நகர்ந்துவிடுவதால்தான் படுக்கின்றன.

எனவே முதலில் சில்லுக் கணக்கு. பாட்டில் மூடி அடுக்க நிற்காது. அவரை விதை உருண்டோடும், எண்ணவும் நேரமாகும். சீரியல் டப்பா அட்டையை 6 செ.மீ.க்கு 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இருபுறமும் மார்க்கரால் நிறமிடுங்கள். வட்டமாக வெட்ட முயன்றால் இரவு முழுதும் கத்தரிக்கோலோடுதான். ஒருவருக்கு 5 மதிப்பில் 10, 10 மதிப்பில் 5, 25 மதிப்பில் 4, மொத்தம் 200. 16 பேருக்கு 304 துண்டு. (டர்பன் இந்தியர்களின் சீட்டாட்டமான துனியின் மொத்தப் புள்ளியும் 304தான்!) பேங்கிடம், அதாவது ஆட்டத்தை நடத்திச் சில்லு கொடுத்து வாங்குபவரிடம், தனியாக 5இல் 40, 25இல் 40, 100இல் 20 இருக்கட்டும். சில்லு தீர்ந்தவருக்கு ஒரே ஒரு முறை 100 கடன் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் யாரும் யோசித்துக் கட்டமாட்டார்கள்.

துணிக்கு டர்பன் கிரே தெருப் பக்கத் துணிக்கடைகளில் (இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு) பச்சை ஃபெல்ட் கேளுங்கள். மேசையில் முதலில் ஒரு பழைய போர்வை, அதன் மேல் ஃபெல்ட், ஓரத்தை மேசைக்கு அடியில் மாஸ்கிங் டேப். போர்வை இல்லாவிட்டால் சீட்டு பலகையோடு ஒட்டி, நகத்தால் கிளப்ப வேண்டிவரும்.

ரூலட்டில் பந்தயம் கட்டும் எண் கட்டங்களைத் தையல் சுண்ணாம்பால் வரையலாம்: 8 செ.மீ. சதுரம், மூன்று பத்தி, 12 வரிசை, தலையில் பூஜ்யம். சிவப்பு எண்கள்: 1, 3, 5, 7, 9, 12, 14, 16, 18, 19, 21, 23, 25, 27, 30, 32, 34, 36. மற்றவை கறுப்பு.

வெல்லும் எண்ணைக் காட்டும் சக்கரத்துக்குப் பதில் ஒரு பை. பிங்கோப் பெட்டியிலிருந்து 1 முதல் 36 வரை வில்லைகளையும், பூஜ்யத்துக்கு 75ஆம் வில்லையையும் போடுங்கள். வில்லையில் '0' என்று காகிதம் ஒட்டாதீர்கள், விரல் கண்டுபிடித்துவிடும். எடுத்த வில்லையை ஒவ்வொரு முறையும் பைக்குள் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் மீதி எண்களின் வாய்ப்பு மாறி, கூர்ந்து கவனிப்பவர் பேங்கைக் காலி செய்துவிடுவார். ஒரே ஓர் எண்ணில் கட்டி வென்றால் ஒன்றுக்கு 35, நிறத்தில் கட்டி வென்றால் கட்டிய அளவே. பூஜ்யம் வந்தால் நிறத்தில் கட்டியது பேங்குக்கு. ஒரே ஓர் எண்ணில் கட்ட அதிகபட்சம் 5 என்று வரம்பு வையுங்கள். அப்போதும் ஒரு வெற்றிக்கு 175 எண்ணிக் கொடுக்க வேண்டும்.

21ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் பிளாக்ஜாக்குக்கு இரண்டு சீட்டுக்கட்டைக் கலந்து, ஆறு பேருக்கு மேல் உட்காரவிடாதீர்கள். சீட்டுப் போடுபவர் 17இல் நிற்பார், அதற்கு மேல் சீட்டு எடுக்கமாட்டார். முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் இரண்டுக்கு மூன்று, அதாவது 10க்கு 15. அதனால் பந்தயம் பத்தின் மடங்காகவே இருக்கட்டும்; 25 கட்டினால் முப்பத்தேழரை கொடுக்க எங்கே போவது? போடுபவரை அரைமணிக்கு ஒருமுறை மாற்றுங்கள், களைத்தவர் தப்பாக எண்ணுவார்.

மூன்றாம் மேசை பெரியவர்களுக்குத் துனி. சீட்டுக்கட்டிலிருந்து ஜாக், 9, ஏஸ், 10, ராஜா, ராணி என 24 சீட்டு மட்டும், நாலு பேர். விதியை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சண்டையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய குழம்பு) ஆட்டத்துக்கு முன்பே பரிமாறிவிடுங்கள்; குழம்பு பட்ட சீட்டு அன்றோடு சரி, அடையாளம் தெரிந்துவிடும். ஆட்டத்தின்போது சமோசா, வறுத்த கடலை, பக்கத்தில் ஈரத்துணி.

உண்மைக் காசு எங்கும் நுழையக் கூடாது: நுழைவுக் கட்டணமும் இல்லை, சில்லுக்குக் காசும் இல்லை. 2004ஆம் ஆண்டுத் தேசியச் சூதாட்டச் சட்டப்படி சூதாட்டம் நடத்த உரிமம் தேவை.

பரிசை அதிகச் சில்லு வைத்திருப்பவருக்கு நேராகக் கொடுத்தால் பத்து மணிக்கே மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விடும். நூறு மதிப்புள்ள சில்லுக்கு ஒரு குலுக்கல் சீட்டு என்று மாற்றிக் குலுக்கிப் போடுங்கள். கடைசி ஆட்டம் என்று இருபது நிமிடம் முன்பே அறிவியுங்கள். அந்த இருபது நிமிடத்தில்தான் பேங்க் கையிருப்பு பறக்கும், 100 மதிப்புத் துண்டுகளை அதுவரை செலவழிக்காமல் வையுங்கள்.