சிசிசி தேர்வு: லிப்ரே ஆபீஸில் கை பழகட்டும்

மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கணினித் தேர்வுக்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. சென்டரில் சேராமல் நேரடியாகவும் எழுதலாம். ஆனால், தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலைக்குத்தான் படிக்கிறீர்கள் என்றால், அங்கே கேட்பது தொழில்நுட்பக் கல்வித் துறையின் சிஓஏ என்ற கணினி அலுவலகப் பயன்பாட்டுச் சான்றிதழ். பணம் கட்டும் முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

கட்டணம் 500 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 590. நைலிட் தளத்தில் விண்ணப்பிக்கும்போது போட்டோ, கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை மூன்றும் ஸ்கேன் செய்து தயாராக இருக்கட்டும். நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில்தான். மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், முதலில் ஆதாரைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

பாடத்திட்டம் 80 மணி நேரம். அதில் 50 மணி செய்முறை. பலர் எம்எஸ் ஆபீஸை மட்டும் படித்துவிட்டுப் போய்த் தடுமாறுகிறார்கள். பாடத்தில் இருப்பது அதைப் போன்ற வேறொரு மென்பொருளான லிப்ரே ஆபீஸ். வேர்டில் கண்ட்ரோல் டி அழுத்தினால் ஃபான்ட் பெட்டி திறக்கும். லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு இணையான ரைட்டரில் அதுவே இரட்டை அடிக்கோடு. சேமிக்கும் கோப்பின் பெயர் முடிவும் ஓடிடி (.odt). இலவச மென்பொருள்தான், இன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.

எக்செல் போன்ற கால்க்கில் ஒரு மளிகைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பி2-இல் விலை, சி2-இல் அளவு, எஃப்1-இல் 5% வரி. வரித் தொகைக்கு டி2-இல் =பி2*சி2*எஃப்1 என்று கொடுத்துக் கீழே இழுத்தால் அடுத்த வரியில் 0 வரும். காரணம், எஃப்1 நகர்ந்து காலியான எஃப்2 ஆகிவிட்டது. $எஃப்$1 என்று பூட்டினால் சரியாகும். (கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) இதை ஒருமுறை கையால் செய்தவருக்குக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வரும். வினா வங்கியை மனப்பாடம் செய்தவருக்கு வராது.

தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். 50 எடுத்தால் தேர்ச்சி, 85-உம் அதற்கு மேலும் எடுத்தால் உயர்ந்த எஸ் கிரேடு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.