இன்ஜினைப் பிரிக்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

காசிமேட்டில் இருக்கும் என் சித்தப்பா 13 வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் கார் வைத்திருந்தார். புகை தள்ளுகிறது என்று இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினார், மொத்தம் 55,000 ரூபாய். இன்ஜின் அருமையாக வந்தது. நாலே மாதத்தில் முன் சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் உட்காரும் தகடு துருவேறிக் கிழிந்துபோனது. நல்ல இன்ஜினோடு வண்டி எடைக்குப் போனதைப் பார்த்து அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வடசென்னையில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தெருவிலேயே நிற்கும் வண்டிக்குப் பல நேரம் இன்ஜினுக்கு முன்னால் பாடிதான் போகிறது. கடல் காற்றில் வரும் உப்பு தகட்டில் படிகிறது, அதன் மேல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி ஒட்டுகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ் மாதிரியான பகுதியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே நின்று, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும். இன்றைய சின்ன கார்களுக்குத் தனியாக சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேஸி. அது போனால் எல்லாம் போன மாதிரி.

அதனால் பில் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கதவுக்கடியில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், போன தகடு சத்தமே இல்லாமல் அமுங்கும். பானெட்டைத் திறந்து ஷாக் மவுண்டைப் பாருங்கள், காருக்குள் கால் வைக்கும் இடத்து மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஒரு சின்ன காந்தம் கையில் இருக்கட்டும், ஏற்கெனவே பட்டி போட்டு மூடிய இடத்தில் அது ஒட்டாது. மவுண்டும் தரையும் போயிருந்தால் இன்ஜினில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் சரி. குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி அது.

பாடி நன்றாக இருந்தால் கணக்கே வேறு. அப்போது செய்யும் தவறு, பில்லை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது. "ஒன்றரை லட்சம்கூடப் போகாத வண்டிக்கு அறுபதாயிரமா" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த 60,000 இன்னும் இரண்டு வருடம் ஓட வைக்கும் என்றால் மாதத்துக்கு 2,500 ரூபாய்தான். 5 லட்சம் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணையே 10,000 ரூபாயைத் தாண்டும், அதற்கு மேல் இன்சூரன்ஸ். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் வரப்போகும் கிளட்ச், டயர், பேட்டரி, ஏசி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், இன்றைய பில்லை மட்டும் வைத்து அல்ல. போன வருடம் போட்ட காசையும் இதில் சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான். "ஏற்கெனவே நாற்பதாயிரம் போட்டுட்டேன், இப்ப எப்படி விடுறது" என்ற பேச்சில்தான் அடுத்த நாற்பதாயிரமும் போகிறது.

அப்புறம் ஆர்சியில் இருக்கும் தேதி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000, பசுமை வரி தனி. டெல்லியில் பழைய வண்டிக்கு இருக்கும் வயதுக் கட்டுப்பாட்டை இங்கேயும் இருப்பதாக நினைத்து நல்ல வண்டியை அவசரமாக விற்றவர்கள் உண்டு, அதுவும் தவறு.

புகை வந்ததுமே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்ற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. எல்லா சிலிண்டரும் இருக்க வேண்டிய அளவுக்குக் குறையாமல் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வெறும் வால்வு சீலாகக்கூட இருக்கலாம், அது பெரிய செலவே இல்லை. இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டி தனிக் கதை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீட்டுக்குள் வந்தது, வண்டிகளைச் சொல்லவே வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி சாவி போட்டுப் பார்க்காதீர்கள், சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசியில் இந்த இன்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்பு கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் உடைக்கக் கொடுப்பது என்று முடிவானால், காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுத்து ஆர்சியை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அந்த நம்பரை வேறு யாராவது மாட்டிக்கொண்டு ஓட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.