புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன்

போன மாம்பழப் பருவத்தில், காவேரிப்பட்டணத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதும் அண்ணன் தன் பழைய லேப்டாப்போடு கிருஷ்ணகிரியில் உள்ள என் கடைக்கு வந்தார். கையில் பிரிக்காத புதுப் பேட்டரி. “கரண்ட் போன நொடியே அணைந்துவிடுகிறதம்மா, இதை மாட்டிக் கொடு” என்றார். பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று தடுத்தேன். பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் சார்ஜரைப் பார்க்க வேண்டும்.

சார்ஜர் மாட்டியிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்று திரை காட்டியது. சார்ஜரின் முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழாய் போன்ற அந்த முனையின் நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். அது ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. பல லேப்டாப்கள் அந்தப் பின் வழியாகத்தான் சார்ஜரை அடையாளம் காண்கின்றன. அடையாளம் தெரியாவிட்டால் லேப்டாப் மெதுவாக ஓடும், பேட்டரி ஏறாது. என்னிடமிருந்த அதே வகைச் சார்ஜரை மாட்டினேன். பூஜ்யத்தில் நின்ற எண் ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கியது.

மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அளவு பழையதோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

சார்ஜர் நன்றாக இருந்தும் ஏறவில்லையா? கழற்றக்கூடிய பேட்டரி என்றால் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் அணைந்தால் கோளாறு லேப்டாப்பில் சார்ஜர் சொருகும் இடத்திலோ உள்ளே இருக்கும் மதர்போர்டிலோ இருக்கலாம். புதுப் பேட்டரி அதைத் தீர்க்காது.

அடுத்து பேட்டரியின் உண்மை நிலை. விண்டோஸ் 8 முதல் இதற்கு வழி இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்யுங்கள். கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையே சொல்லும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. அண்ணனுடையதில் முதல் எண் 41,440, இரண்டாவது ஏறக்குறைய 29,000. பத்தில் ஏழு பங்கு மீதம்! புதுப் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சார்ஜர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது எண் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றுவதே சரி. நாற்பது சதவீதம் காட்டும்போதே திடீரென அணைந்தால், ஒருமுறை முழுதாக ஏற்றி, தானாக அணையும்வரை ஓட்டி, மறுபடி முழுதாக ஏற்றிப் பாருங்கள். கணக்கு நேராகலாம்; தேய்ந்த கொள்ளளவு திரும்பாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சமமான மேசையில் வைத்த லேப்டாப் ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் போனாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.